ஜெர்மனியில் பிப்ரவரியும் மார்ச்சும்: குடும்பத்தோடு குடியேறியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து வேலைக்காக வந்து, பிள்ளைகளோடு முதலாவது அல்லது இரண்டாவது குளிர்காலத்தைக் கடக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் இருப்பது நியூரெம்பெர்க் பக்கம் என்பதால் பவேரியா உதாரணங்கள் சற்று அதிகமாக வரும். பள்ளி, விடுமுறை விஷயங்களில் 16 மாநிலங்களுக்கும் தனித்தனி விதி உண்டு. உங்கள் மாநிலத்தில் என்ன என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரே போய்விட்டது. அப்புறமும் ஏன் பிப்ரவரி இவ்வளவு கனமாக இருக்கிறது?

இது உங்களுக்கு மட்டும் தோன்றுவது இல்லை. டிசம்பரில் இருட்டு அதிகம்தான். ஆனால் தெருவெல்லாம் விளக்கு, கிறிஸ்துமஸ் சந்தை, பிள்ளைகளுக்கு லீவு. ஜனவரியில் பொங்கல் வரும், நாலு குடும்பம் கூடிச் சாப்பிடும். அதன் பிறகு எதிர்பார்க்க ஒன்றும் இருக்காது. வானம் வாரக்கணக்கில் ஒரே சாம்பல் நிறமாகக் கிடக்கும். வீட்டில் யாராவது ஒருவர் இருமிக்கொண்டே இருப்பார். உடம்பில் இருந்த தெம்பும் அதற்குள் தீர்ந்திருக்கும்.

ஆனால் வெளிச்சம் நிஜமாகவே கூடிக்கொண்டிருக்கிறது. பெர்லினில் டிசம்பர் 21 அன்று பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. பிப்ரவரி முதல் தேதியில் அது 9 மணி நேரம், மார்ச் முதல் தேதியில் கிட்டத்தட்ட 11, மார்ச் கடைசியில் 13-ஐ நெருங்கிவிடும். பிப்ரவரி பாதியிலிருந்து நாளுக்கு நாலு நிமிடம் வீதம் பகல் நீள்கிறது. இந்த வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். எல்லாம் வெயில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் குடும்பங்கள்தான் மார்ச்சில் மிகவும் சோர்ந்துபோவதைப் பார்க்கிறேன். கீழே உள்ள பல பதில்களும் கடைசியில் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்.

குளிர் எப்போதுதான் முடியும்?

மார்ச்சில் சில நாள் 15 டிகிரி வரும், எல்லாரும் ஐஸ்கிரீம் கடையில் வரிசையில் நிற்பார்கள். அதற்கு அடுத்த வாரமே பனி கொட்டும். ஏப்ரலிலும் கொட்டும். காருக்குக் குளிர்கால டயரை அக்டோபரில் மாட்டி ஈஸ்டரில் கழற்றுவது இங்கே பழக்கம். பனிக்கோட்டையும் அதே கணக்கில் எடுத்துப் பெட்டியில் வையுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

பிள்ளைக்கு என்னென்ன உடுப்பு வேண்டும்? புதுசாகவே வாங்க வேண்டுமா?

ஒரே ஒரு தடித்த கோட்டை நம்பாதீர்கள். உள்ளே உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி உடை, அதன்மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத ஒன்று. இப்படி அடுக்கினால் உள்ளே வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் காயாது, அதனால்தான் குழந்தை வெளியே நடுங்குகிறது. கைக்குழந்தைக்குக் கம்பளியும் பட்டும் கலந்த உள்ளாடை விலை அதிகம்தான், ஆனால் அந்தப் பணத்துக்குத் தகும்.

பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் பனியைவிடச் சேறுதான் அதிகம். பிள்ளை தினமும் போடப்போவது மாட்ச்ஹோஸ எனப்படும் ரப்பர் காற்சட்டையும் கம்பூட்ஸும்தான். கையுறை இரண்டு மூன்று ஜோடி வைத்திருங்கள், அது தொலைந்தே தீரும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள்.

புதுசாக வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பிப்ரவரி, மார்ச் மாத சனிக்கிழமைகளில் கீட்டா எனப்படும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களும் தேவாலயச் சமூகக்கூடங்களும் குழந்தை உடுப்பு பஜார் நடத்தும். கோடைக்கால உடை, சைக்கிள், ஹெல்மெட், விளையாட்டுச் சாமான் எல்லாம் மிக மலிவாகக் கிடைக்கும். பல இடங்களில் கர்ப்பிணிகளை அரை மணி நேரம் முன்னாலேயே உள்ளே விடுவார்கள். நான் முக்கியமாகச் சொல்வது வேறு. அங்கே கேக் விற்கும் மேசையில் நின்று பேசிப் பழகிய அம்மாக்கள்தான் பின்னால் பலருக்கும் ஜெர்மன் தோழிகளாக ஆகியிருக்கிறார்கள். உதவிக்கு ஆள் கேட்டுப் பட்டியல் ஒட்டியிருப்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் பெயரை எழுதிவிட்டு வாருங்கள். ஒரு தட்டு போண்டா கொண்டுபோனால் இன்னும் நல்லது.

காரில் ஒரு எச்சரிக்கை: குழந்தை இருக்கையில் பெல்ட் போடும்போது தடித்த பனிக்கோட்டைக் கழற்றிவிடுங்கள். கோட்டோடு போட்டால் பெல்ட் உடம்போடு இறுக்கமாக நிற்காது, மோதலில் குழந்தை நழுவும். பெல்ட் போட்ட பிறகு மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

கீட்டாவில் மழையிலும் பனியிலும் பிள்ளைகளை வெளியே விடுகிறார்கள். என் பிள்ளையை மட்டும் உள்ளே வைத்திருக்கச் சொல்லலாமா?

கேட்கலாம். பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே பிள்ளைக்கு நல்லது. வெளியே போவது இங்கே அன்றாட ஒழுங்கின் பகுதி. உள்ளே ஒரு பிள்ளைக்காக ஒரு ஆசிரியையை நிறுத்தவும் அவர்களிடம் ஆள் இருக்காது. குளிர்ந்த காற்று சளியைக் கொண்டுவருவதில்லை. மூடிய அறையில் இருபது பிள்ளைகள் சேர்ந்து விடும் மூச்சில்தான் கிருமி பரவுகிறது. உங்கள் வேலை மாற்றுடை, வீட்டுச்செருப்பு, காய்ந்த காலுறை இவை எப்போதும் பையில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான்.

பாட்டிகள் வீடியோவில் பார்த்துப் பதறுவார்கள். அவர்களுடைய கவலையில் நியாயம் உண்டு, நம் ஊரில் மழையில் நனைந்த பிள்ளைக்குத் தலை துவட்டியவர்கள் அவர்கள். சேற்றில் குதித்துச் சிரிக்கும் படத்தை அனுப்பிவிடுங்கள், மெல்லப் பழகிக்கொள்வார்கள்.

பிள்ளை மாதம் முழுக்கச் சளி, காய்ச்சல். எதிர்ப்புச் சக்தி குறைவா?

அநேகமாக இல்லை. கீட்டாவுக்குப் போகத் தொடங்கிய சிறு பிள்ளைக்கு வருடத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தொற்று வருவது சாதாரணம் என்கிறார்கள் குழந்தை டாக்டர்கள். அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில் குவியும். இன்ஃபுளுயன்சா அலை வழக்கமாகப் பிப்ரவரியில்தான் உச்சத்தில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு வாரம் இருமல் என்றால், பிள்ளை இடைவெளியே இல்லாமல் நோயில் இருப்பதுபோலத் தெரியும். எடை ஏறுகிறதா, நல்ல நாட்களில் ஓடி விளையாடுகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

பொதுவாகக் கீட்டாக்கள் எதிர்பார்ப்பது: காய்ச்சல் என்றால் மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருக்க வேண்டும், வாந்தி, பேதி என்றால் நின்ற பிறகு 48 மணி நேரம் வீட்டில். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மதியம் போன் வரும், அதற்குள் இன்னும் பத்துப் பிள்ளைகளுக்குப் பரவியிருக்கும்.

டாக்டர் மருந்தே எழுதவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். என்ன செய்வது?

நம் ஊரில் ஊசி, ஆன்டிபயாட்டிக் என்று பழகியவர்களுக்கு இது அலட்சியம்போலத் தோன்றும். வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. அதனால்தான் கொடுப்பதில்லை. காய்ச்சலில் பிள்ளை துவண்டு கிடந்தால் மட்டும் பாராசிட்டமால் அல்லது இபுபுரோஃபென், எடைக்கு ஏற்ற அளவில். பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தால் 39 டிகிரியிலும் சும்மா விடச் சொல்வார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதும் சாதாரண காய்ச்சல் மருந்துக்கும் அரசுக் காப்பீடே பணம் கொடுக்கும். அதனால் சீட்டு கேட்டு வாங்கி ஒரு பாட்டில் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி வந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே காட்டுங்கள். மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்கு இடையே தோல் உள்ளே இழுத்தால், குடிக்கவே மறுத்தால், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால் எந்த வயதானாலும் அப்படித்தான். டாக்டர் மூடிய நேரத்தில் அழைக்க 116117. உயிர் ஆபத்து என்றால் 112. இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் நான் லீவு எடுக்கலாமா? சம்பளம் வருமா?

நீங்களும் பிள்ளையும் அரசுக் காப்பீட்டில் இருந்து, பிள்ளை 12 வயதுக்குக் கீழே என்றால் உரிமை உண்டு. 2024 முதல் ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு வருடத்துக்கு 15 நாள். தனியாக வளர்ப்பவருக்கு 30. பல பிள்ளைகள் இருந்தால் மொத்தம் 35 நாள், தனிப்பெற்றோருக்கு 70. அந்த நாட்களுக்குக் காப்பீட்டு நிறுவனம், இழந்த நிகரச் சம்பளத்தில் பொதுவாக 90 சதவீதம் தரும். முதல் நாளிலிருந்தே டாக்டர் சான்று வேண்டும். பிள்ளையை அந்த டாக்டருக்கு ஏற்கெனவே தெரியும், நோயும் கடுமையில்லை என்றால் 5 நாள் வரை தொலைபேசியிலேயே சான்று தர விதி இடம் கொடுக்கிறது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு விஷயம் பிடிபடுவதில்லை. வீட்டில் பிள்ளையைப் பார்க்கக்கூடிய இன்னொருவர் இருந்தால் இந்த உரிமை கிடையாது. மனைவியோ கணவரோ வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால், அவரும் படுத்துவிட்டால்தான் பேச்சு வரும். தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் காப்பீட்டுப் பணம் கிடையாது. அவர்கள் வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

விட்டமின் டி கட்டாயமா?

கைக்குழந்தைக்கு ஆம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த சில நாளிலிருந்து, இரண்டாவது கோடை தொடங்கும் வரை தினமும் 400 முதல் 500 அலகு கொடுக்கச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு: அக்டோபர் முதல் மார்ச் வரை ஜெர்மனியின் வெயில் தோலில் விட்டமின் டி உண்டாக்கப் போதாது. கருமையான தோலுக்கு வெயில் இன்னும் அதிகம் தேவை. அதனால் நம்மில் பலருக்குக் குறைவாகவே இருக்கும். குடும்ப டாக்டரிடம் கேளுங்கள். ஆன்லைனில் பார்த்து மிக அதிக அளவு மாத்திரையை நீங்களாகவே விழுங்காதீர்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஜன்னல் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை வருகிறது. ஹீட்டர் கட்டணமும் ஏறுகிறது. எப்படிச் சமாளிப்பது?

நம் சமையல், குளியல், அறைக்குள் காயும் துணி எல்லாமே ஈரத்தைக் காற்றில் விடுகின்றன. அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் போய்த் தங்கும். ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்து வைப்பது இங்கே மிக மோசமான வழி. சுவர் குளிரும், காசும் போகும், ஈரம் அப்படியே இருக்கும். ஹீட்டரைக் குறைத்துவிட்டு, எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றோட்டம் விடுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு தடவை. சாம்பார் கொதித்த பிறகு இன்னொரு தடவை. அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி பத்து யூரோவுக்குக் கிடைக்கும். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் சரி.

ஹீட்டர் குமிழில் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. 5-இல் வைத்தால் அறை வேகமாகச் சூடாகாது, அதிகமாகத்தான் சூடாகும். வெளியே போகும்போது முழுதாக அணைக்காதீர்கள். 2-இல் விட்டுப் போங்கள். பூஞ்சை ஏற்கெனவே பரவிவிட்டால் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கட்டிடத்தின் குறையாகவும் இருக்கலாம், குறை உங்கள் பக்கம்தான் என்று அவர் சொன்னதும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஊரிலுள்ள வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினரானால் ஆலோசனை கிடைக்கும்.

இட்லி மாவு புளிக்கவே இல்லையே?

ஓவன் அடுப்பில் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை இரவு முழுக்க உள்ளே வையுங்கள். அந்தச் சூடே போதும். விளக்கு இல்லாத ஓவன் என்றால் 50 டிகிரியில் இரண்டு நிமிடம் சூடாக்கி அணைத்துவிட்டு வையுங்கள். கல் உப்பு போட்டுக் கையால் கலந்தால் நன்றாகப் புளிக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் பொறுங்கள். ஓவனில் மாவு இருக்கிறது என்று கதவில் காகிதம் ஒட்டுங்கள், வேறு யாராவது பீட்ஸாவுக்கு ஓவனைப் போட்டுவிடுவார்கள்.

மனைவி வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். இப்போதெல்லாம் யாரோடும் பேசுவதில்லை. குளிர்காலம் போனால் சரியாகிவிடுமா?

கணவர்கள் கேட்கும் கேள்வி இது. சில வீடுகளில் கணவருக்கும் இதே நிலை. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பதிலும் இதுதான்.

வெளிச்சம் குறைவதால் வரும் மனச்சோர்வு நிஜமான நோய். காலையில் எழ முடியாமை, எந்நேரமும் தூக்கம், இனிப்பின் மேல் ஆசை, எதிலும் பிடிப்பில்லாமை இவை அடையாளங்கள். 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்காருவது பலருக்கு உதவுகிறது. மேகமூட்டமான நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம், ஆகவே தினமும் மதிய நடை. இதெல்லாம் சரி. ஆனால் ஊரில் தன் பெயரோடும் சம்பளத்தோடும் இருந்த ஒருத்தி, இங்கே பேச ஆளில்லாமல், கடிதத்தைக்கூடக் கணவர் வந்து படித்துச் சொல்லும்வரை காத்திருக்கிறாள். அதை விளக்கு சரிசெய்யாது, மே மாத வெயிலும் சரிசெய்யாது.

முதலில் மொழி. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல எனப்படும் நகராட்சி மக்கள் கல்வி மையங்களில் வசந்தகாலப் பருவம் பிப்ரவரி, மார்ச்சில்தான் தொடங்குகிறது. இப்போதே பதிவு செய்யுங்கள். முழு ஒருங்கிணைப்புப் பாடத்திட்டம் என்றால் 600 மணி மொழிப்பாடம், 100 மணி நாட்டைப் பற்றிய பாடம். நேர வசதி முக்கியம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வாரத்தில் சில மாலை கணவர் ஏற்க வேண்டும். குடும்ப இணைப்பு விசாவில் வந்தவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டு என்பதையும் பலர் அறியாமல் இருக்கிறார்கள், தங்கும் அனுமதி அட்டையில் எழுதியிருக்கும்.

அடுத்து, வீட்டுக்குள் ஒரு மாற்றம். வங்கிக் கணக்கில் இருவர் பெயரும், கீட்டாவின் தகவல் செயலி இருவர் போனிலும், டாக்டர் எண் இருவரிடமும் இருக்கட்டும். எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அன்போடு சொல்லும் கணவர்கள்தான் அறியாமல் மனைவியை வீட்டுக்குள் பூட்டுகிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையோ வெறுமையோ தொடர்ந்தால் குடும்ப டாக்டரிடம் போங்கள், அவர் வழிகாட்டுவார். இரவில் தாங்க முடியாமல் போனால் 0800 1110111 இலவசத் தொலைபேசி உதவி, 24 மணி நேரமும். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பெண்களுக்கான உதவி எண் 116016. அங்கே ஆங்கிலத்திலும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மாலையில் நாலு மணிக்கே வீட்டில் அடைந்துவிடுகிறோம். பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

நகர நூலகம் என் முதல் தேர்வு. பல ஊர்களில் பிள்ளைகளுக்கு அட்டை இலவசம்; புத்தகம் மட்டுமின்றி பலகை விளையாட்டு, டோனி எனப்படும் கதை சொல்லும் பொம்மைகளும் இரவல் தருவார்கள். அடுத்து, தேவாலயங்கள் தங்கள் மண்டபங்களில் குளிர்கால விளையாட்டிடம் நடத்தும். இலவசம் அல்லது ஒன்றிரண்டு யூரோ. மதம் பார்ப்பதில்லை. உள்ளரங்க நீச்சல்குளமும் நல்லது. சீபியர்ட்ஷன் எனப்படும் முதல் நீச்சல் பட்டைக்கு 25 மீட்டர் நீந்த வேண்டும், ஆழமில்லாத நீரில் மூழ்கி ஒரு பொருளை எடுக்க வேண்டும். வகுப்பில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும்; நாலு வயதிலேயே பெயர் கொடுத்துவையுங்கள். இங்கே ஏரிகளும் ஆறுகளும் அதிகம், ஆகவே நீச்சல் தெரியாத பிள்ளையோடு கோடையைக் கழிப்பது ஆபத்து.

பெரிய நகரங்களில் ஈழத் தமிழர்கள் நடத்தும் தமிழாலயங்களில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எண்பதுகளிலிருந்து இந்தக் குளிரில் பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள். எந்தக் கடையில் முருங்கைக்காய் வரும் என்பது முதல் எந்தப் பள்ளி நல்லது என்பது வரை அவர்களைக் கேட்டாலே போதும்.

ஃபாஷிங் என்று வேடம் போட்டு வரச் சொல்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம் தொடங்கும் முன் நடக்கும் கொண்டாட்டம். ரைன் நதிப் பக்கம் கார்னிவல் என்பார்கள். ஊர்வலங்களின் உச்சம் ரோசன்மோன்டாக் திங்கள். 2026-இல் பிப்ரவரி 16, 2027-இல் பிப்ரவரி 8. கொலோனில் 'அலாஃப்' என்றும் மைன்ஸில் 'ஹெலாவ்' என்றும் கத்த வேண்டும், மாற்றிக் கத்தினால் முறைப்பார்கள். வண்டியிலிருந்து மிட்டாய் எறிவார்கள், துணிப்பை கொண்டுபோங்கள்.

கீட்டாவில் ஒரு நாள் வேடம். கடையில் வாங்க வேண்டாம். பழைய வெள்ளைச் சட்டையில் டாக்டர், தாத்தாவின் வேட்டியில் மன்னர். பட்டுப்பாவாடை கட்டி அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அது நம் உடுப்பு, வேடம் இல்லை. பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ கட்டி அனுப்புங்கள் என்பது என் கருத்து. பவேரியாவில் ஃபாஷிங் வாரம் பள்ளி விடுமுறை.

மகள் நாலாம் வகுப்பு. இப்போதே கிம்னாசியமா, ரியால்ஷூலயா என்று முடிவு செய்யச் சொல்கிறார்கள். பத்து வயதிலா?

ஆமாம், பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதில். கிம்னாசியம் என்பது நேரே பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் பள்ளி, ரியால்ஷூல அதற்கு அடுத்த நிலைப் பள்ளி. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாம் வகுப்பு வரை தள்ளிப்போகும். குளிர்காலக் கடைசி பல வீடுகளில் பதற்றமாக இருப்பதற்கு இதுதான் காரணம். பவேரியாவில் ஜெர்மன், கணக்கு, சூழல் பாடம் மூன்றின் சராசரி (இங்கே 1 தான் மிக உயர்ந்த மதிப்பெண்) 2.33-க்குள் இருந்தால் கிம்னாசியம், 2.66-க்குள் என்றால் ரியால்ஷூல. சான்றிதழ் மே தொடக்கத்தில் வரும், அதனால் பிப்ரவரி, மார்ச் தேர்வுகளில் பிள்ளைகள் படும் அழுத்தம் அதிகம். நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் ஆசிரியர் பரிந்துரை அரையாண்டுச் சான்றிதழோடு வரும், கடைசி முடிவு பெற்றோருடையது.

நம் வீடுகளில் கிம்னாசியம் கிடைக்காவிட்டால் பிள்ளையின் வாழ்க்கையே முடிந்ததுபோலப் பேசுகிறார்கள். பிள்ளை காதில் விழ அப்படிப் பேசாதீர்கள். ரியால்ஷூல முடித்து, மேல்நிலைத் தொழிற்பள்ளி வழியாகவோ தொழில்சார் கிம்னாசியம் வழியாகவோ பல்கலைக்கழகம் போகும் பாதை திறந்தே இருக்கிறது. ஆஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சியில் சம்பளத்தோடு படித்து நன்றாக வாழ்பவர்கள் இந்த நாட்டில் ஏராளம். ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடமே ஆன பிள்ளையின் மதிப்பெண் அதன் மொழியைத்தான் காட்டுகிறது, அறிவை இல்லை. வகுப்பாசிரியரிடம் நேரம் கேட்டு இதை வெளிப்படையாகப் பேசுங்கள். மொழி தடையாக இருந்தால் ஜெர்மன் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போகலாம். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

மார்ச்சில் டிக்கெட் மலிவு. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போய் வரலாமா?

கீட்டாவில் இருக்கும்வரை போகலாம். முதல் வகுப்பிலிருந்து முடியாது. இங்கே பள்ளிக்கு வருவது சட்டக் கடமை. மலிவு டிக்கெட் காரணமாகாது. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிப் போனவர்களுக்கு அபராதம் விழுந்திருக்கிறது. பவேரிய விமான நிலையங்களில் விடுமுறைக்கு முந்தைய நாட்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பவர்களைக் காவல்துறை விசாரித்ததும் உண்டு. பாட்டி சாகக் கிடக்கிறார், சொந்த மாமா கல்யாணம் போன்ற காரணம் இருந்தால் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். உண்மையைச் சொல்லிக் கேட்டால் பலர் அனுமதிக்கிறார்கள்.

பிப்ரவரியில் அம்மா அப்பாவை அழைக்கலாமா?

பிரசவம் என்றால் வேறு வழியில்லை, வரட்டும். மற்றபடி ஏப்ரல் பாதிக்குப் பிறகு என்றே சொல்வேன். மூட்டுவலியோடு வருபவர் வழுக்கும் நடைபாதையில் இறங்கப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருப்பார். நீங்கள் வேலைக்குப் போனபின் பேச யாருமில்லை. ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்க முடியும், அதை இருட்டில் செலவழிக்க வேண்டாமே. ஆனால் வேலைகளைப் பிப்ரவரியிலேயே தொடங்குங்கள்: குடியேற்ற அலுவலகத்தில், வருபவர்களின் செலவை நாம் ஏற்கிறோம் என்று எழுதித் தரும் பொறுப்பேற்புக் கடிதத்துக்கான நேரம் கிடைக்கச் சில இடங்களில் வாரக்கணக்கில் ஆகும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பழைய நோய்கள் அதில் சேருமா என்று படித்துப் பாருங்கள்.

கடிகாரம் எப்போது மாறும்?

மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணி 3 ஆகும். ஊரோடு நேர வித்தியாசம் நாலரை மணியிலிருந்து மூன்றரையாகக் குறையும், பாட்டியோடு பேசும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளை நாலைந்து நாள் முன்பிருந்தே தினம் பத்து நிமிடம் சீக்கிரம் படுக்க வையுங்கள்.

தொட்டியில் ஏதாவது வளர்க்க இது சரியான நேரமா?

மிளகாய்க்குச் சரியான நேரம். பிப்ரவரி கடைசியில் ஜன்னலோரச் சின்னத் தொட்டிகளில் விதையுங்கள், தக்காளியை மார்ச் பாதியில். பிள்ளைகளையே தண்ணீர் ஊற்ற விடுங்கள். மே 15 வரை இரவு உறைபனி வரலாம் என்பதால் அதற்குப் பிறகே பால்கனிக்கு. கறிவேப்பிலைச் செடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து நின்றால் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரைக் குறைத்து, வெளிச்சமான இடத்தில் வையுங்கள், பெரும்பாலும் துளிர்க்கும்.

மார்ச்சில் காடுகளில் பேர்லாவ்க் எனப்படும் பூண்டு மணக்கும் கீரை முளைக்கும். துவையலுக்கு அருமையாக இருக்கும். ஆனால் அதே இடங்களில் முளைக்கும் மைக்ளோக்ஷனும் ஹெர்ப்ஸ்ட்சைட்லோஸவும் பார்வைக்கு அப்படியே இருக்கும், இரண்டும் விஷம். ஒரு தடவை பறித்தபின் விரலிலேயே பூண்டு மணம் ஒட்டிக்கொள்வதால் மோந்து பார்ப்பதையும் நம்ப முடியாது. முதல் வருடம் தெரிந்தவரோடு போங்கள், இல்லையென்றால் வாரச் சந்தையில் கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.